கேபிளை நிறுத்தியாச்சு, ஆன்டெனாவுக்கு எர்த் எங்கே கொடுப்பது?

பழையரிமோட்:
கேபிளை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் பார்ப்பதே செய்தியும் விளையாட்டுமாக நாலைந்து சேனல், அவ்வளவும் காற்றில் இலவசமாக வருகிறது, பிறகு எதற்கு மாதாமாதம் தண்டம் கட்டுகிறோம் என்று ஒருநாள் உறைத்தது. ஒரு யாகி ஆன்டெனா வாங்கியாச்சு, மீன்முள் மாதிரி இருக்குமே அது, ஒன்றேகால் மீட்டர் நீளம். கூடவே 3 மீட்டர் இரும்புக் குழாய். ஒளிபரப்புக் கோபுரம் இங்கிருந்து 38 கிலோமீட்டர்.

திட்டம் இதுதான். கூரையின் ஓரத்தில் குழாயை நிறுத்தி அதன் தலையில் ஆன்டெனா. இடி மின்னலுக்காகச் சுவருக்குக் கீழே மண்ணில் தனியாக ஓர் எர்த் கம்பி அடித்து அதில் குழாயைக் கட்டுவது. வீட்டு எர்த்தோடு சேர்க்கப் போவதில்லை, மின்னலை நாமே வீட்டுக்குள் கூப்பிட்டது போல ஆகிவிடுமே. கேபிள்காரர் போட்ட கோஆக்ஸ், அந்த உருண்டையான டிவி வயர், எல்லா அறைக்கும் ஓடுகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை: நேற்று டிவிக்குப் பின்னால் அந்தப் பழைய கோஆக்ஸின் உலோக முனையில் புறங்கை பட்டது, சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரி. மறுபடி தொட்டேன், மறுபடியும் கடித்தது.

ஓட்டுவீடு:
திட்டம் சரி. என் வீட்டிலும் தனி எர்த்தான், ஆறு வருடம் ஆகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டு எர்த்தோடு சேர்க்காதீர்கள். சுருக்கென்றது எல்லாம் டிவியில் சகஜம், பெரிதுபடுத்த வேண்டாம்.

டெசிபெல்:
எர்த் சண்டை எப்படியும் வரப் போகிறது, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கூரைக்கு ஏறத்தான் வேண்டுமா?

ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அதற்கு எட்டுகிற ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் வரையிலான தூரம், கிலோமீட்டரில் வரும். கோபுரத்துக்கும் இதே கணக்கு, இரண்டையும் கூட்ட வேண்டும். கோபுரம் 200 மீட்டர் என்றால் அதற்கு மட்டுமே 58 கிலோமீட்டர். உங்கள் ஆன்டெனா 10 மீட்டரில் இருந்தால் இன்னொரு 13, 5 மீட்டரில் இருந்தாலும் 9. நடுவில் குன்றோ பெரிய கட்டடமோ மறைக்காவிட்டால் 38 கிலோமீட்டர் உங்களுக்குத் தாராளம். 5 மீட்டர் கூடுதலாக ஏறிச் சம்பாதிப்பது அடிவானத்தில் வெறும் 4 கிலோமீட்டர். அதற்காகக் கூரை ஓரத்தில் நிற்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஆன்டெனாவைப் பெட்டியிலிருந்து எடுத்து, மாடி ஜன்னல் பக்கம் ஒரு மர ஸ்டூலில் வைத்து, கோபுரத் திசைக்குத் திருப்பி, நேராக டிவியில் சொருகித் தேடல் ஓட்டிப் பாருங்கள். சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டாம், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள். குழாய்க்குத் துளை போடுவது எல்லாம் அப்புறம்.

வயர்மேன்:
நாற்பது வருடம் இந்த வேலைதான் பார்த்தேன், இப்போது ஓய்வு. தம்பி, உங்கள் பதிவில் ஆபத்தாக இரண்டு விஷயம் இருக்கிறது, நீங்கள் பயப்படுவது இரண்டுக்கும் இல்லை.

முதலாவது அந்தத் தனி எர்த். எல்லோரும் செய்வதுதான், தப்பு. கணக்காகவே பாருங்கள். பக்கத்தில் எங்கோ இடி விழுந்து, உங்கள் குழாய் வழியாக ஒரு கணம் 1000 ஆம்பியர் இறங்குகிறது என்று வையுங்கள். நேரடி மின்னல் என்றால் பல்லாயிரம் ஆம்பியர், அதை விடுங்கள். மண்ணில் அடித்த ஒற்றைக் கம்பியின் தடை 25 ஓம் என்று வையுங்கள், காய்ந்த மண்ணில் இதைவிட அதிகமே இருக்கும். பெருக்கினால் 25,000 வோல்ட். குழாய், ஆன்டெனா, கோஆக்ஸின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலான மேல்வலை எல்லாம் அந்த ஒரு கணம் 25,000 வோல்ட்டில் நிற்கும். வீட்டு எர்த்தும் வயரிங்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பழைய இடத்திலேயே இருக்கும். இந்த இரண்டு உலகமும் சந்திக்கிற இடம் எது? ஒரு பக்கம் கோஆக்ஸும் மறுபக்கம் மெயின்ஸும் சொருகியிருக்கும் உங்கள் டிவி. மின்னல் வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்துச் செய்வதே அதற்கு டிவி வழியாகப் பாதை போட்டுக் கொடுக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்த்துவிட்டால் ஏறும்போது எல்லாம் சேர்ந்து ஏறும், இறங்கும்போது சேர்ந்து இறங்கும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்காய்க்கு ஒன்றும் ஆகாததற்கு என்ன காரணமோ அதேதான். தனிக் கம்பி அடிப்பது தப்பில்லை, அடித்தால் அதைக் கனமான செம்புக் கம்பியால் வீட்டின் மெயின் எர்த்தோடு இணைத்தாக வேண்டும். கோஆக்ஸின் மேல்வலைக்கும் அது வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஓர் எர்த் பிளாக், அதாவது கோஆக்ஸை இணைத்து எர்த் கம்பியைக் கட்டுகிற சின்ன உலோகத் துண்டு, வைத்து அங்கிருந்து மெயின் எர்த்துக்கு. கம்பி குட்டையாகவும் நேராகவும் போக வேண்டும். மின்னல் அவ்வளவு வேகமாக ஏறுவதால் ஒவ்வொரு மீட்டர் கம்பியும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தன் மேலேயே தாங்கிக்கொள்ளும், அழகாக இருக்கட்டும் என்று சுற்றி வளைத்துக் கொண்டுபோனால் காசுதான் தண்டம்.

கம்பியின் கனம் நாட்டுக்கு நாடு மாறும். ஐஈசி 60728-11 என்ற சர்வதேசத் தரத்தில் குழாயின் எர்த்துக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு. அமெரிக்க மின்விதியில் 10 ஏடபிள்யூஜி செம்பு போதும், அது ஐந்தேகால் சதுர மில்லிமீட்டர்தான். உங்கள் ஊர் விதி எதுவோ அது.

இரண்டாவது விஷயம், அந்த எறும்புக்கடி. அது தீருகிற வரைக்கும் ஏணியைத் தொடாதீர்கள். தரையில் நிற்கும்போது சுருக்கென்றால் கையை உதறிவிட்டுப் போவீர்கள். ஏணியின் மேல்படியில் அதே சுருக் என்றால் கையை எடுப்பீர்கள், விழுவீர்கள். ஷாக்கில் போனார் என்று சொல்வார்கள், உண்மையில் விழுந்ததில்தான் போயிருப்பார்.

ஓட்டுவீடு:
வயர்மேன் சார், கணக்கு புரிகிறது, ஆனால் ஆறு வருடமாக என் டிவி நன்றாகத்தானே ஓடுகிறது?

வயர்மேன்:
ஆறு வருடமாக உங்கள் பக்கம் இடி விழவில்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

மழைக்குமுன்:
எர்த் வைத்தால் அது மின்னலை இழுக்கும் என்கிறார்களே, அது உண்மையா? எங்கள் வீட்டில் இதைச் சொல்லியே இதுவரை எர்த் போட விடவில்லை.

டெசிபெல்:
இழுக்காது. பல கிலோமீட்டர் தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு உங்கள் எர்த் கம்பி ஒரு பொருட்டே இல்லை. அதே சமயம் எர்த் போட்டுவிட்டால் நேரடியாக விழும் மின்னலிலிருந்து டிவி தப்பிவிடும் என்றும் யாரும் நம்ப வேண்டாம். எர்த் செய்கிற வேலை இரண்டு. காற்றிலும் தூசியிலும் ஆன்டெனாவில் சேரும் நிலைமின்சாரத்தை அவ்வப்போது இறக்கிவிடுவது ஒன்று. பக்கத்தில் விழும் இடியால் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தத்துக்கு டிவியைத் தவிர வேறு வழி காட்டுவது இன்னொன்று. பெரும்பாலும் டிவியைக் கொல்வது இந்தப் பக்கத்து இடிதான். கோஆக்ஸில் கேஸ் ட்யூப் வைத்த சர்ஜ் அரெஸ்டர், அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, ஒன்றும் போடலாம், ஆனால் அதற்கும் எர்த் இருந்தால்தான் வேலை. எர்த் இல்லாத அரெஸ்டர் வெறும் இணைப்பான்.

வானம் கறுக்கிறது என்றால் கோஆக்ஸையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கறுக்கும்போதே. இடிக்க ஆரம்பித்த பிறகு டிவிக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பழையரிமோட்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்டூல் சோதனை செய்தேன். மாடி ஜன்னல் பக்கம் 14 சேனல் வந்தது! இரண்டு சேனலில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை.

கடி விஷயம். டெஸ்டரை அந்தக் கோஆக்ஸ் முனையில் வைத்தேன், லேசாக எரிகிறது. மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த்துக்கும் கோஆக்ஸுக்கும் நடுவில் 112 வோல்ட். எங்களுக்கு 230 வோல்ட் சப்ளை. கை நடுங்கிவிட்டது. டிவி பிளக்கைப் பிடுங்கினேன், அப்போதும் 110-க்குப் பக்கத்தில் காட்டுகிறது! டிவியே ஓடவில்லை, பிறகு எங்கிருந்து வருகிறது?

மாடிப்படி:
112 வோல்ட்டா! உடனே மெயினை அணையுங்கள், டிவியைத் தூக்கிப் போடுங்கள்.

வயர்மேன்:
பதற வேண்டாம், ஆனால் இனி வெறுங்கையால் தொடவும் வேண்டாம். 230-இல் கிட்டத்தட்ட சரிபாதி வந்திருக்கிறது, கவனித்தீர்களா? அதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது வரும் டிவி, செட்டாப் பெட்டி, சார்ஜர் எல்லாவற்றிலும் உள்ளே ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. அதன் இரைச்சலை அடக்க மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவில் குட்டி மின்தேக்கிகள் இருக்கும், ஒய் கெப்பாசிட்டர் என்பார்கள். ரெண்டு பின் பிளக் உள்ள கருவியில் எர்த் கிடையாதே, அதனால் இந்த மின்தேக்கிகள் கருவியின் உலோகத்தை மெயின்ஸில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்க வைக்கும். மல்டிமீட்டர் மின்னோட்டத்தை உறிஞ்சாது, அதனால் முழுசாகக் காட்டும். டெஸ்டருக்கும் துளி மின்னோட்டமே போதும், அதனால் எரியும். உண்மையில் அதில் ஓடக்கூடியது அரை மில்லியாம்பியரைவிடக் குறைவு. கடிக்கும், கொல்லாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். கோஆக்ஸின் மேல்வலை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒன்றாகக் கோர்க்கிறது. ஒவ்வொன்றின் கசிவும் அதில் கூடும். மீட்டரில் வோல்ட் ஏறாது, கடிதான் கூடும். நீங்கள் டிவி பிளக்கைப் பிடுங்கியும் 110 இருக்கிறது என்றால் அந்தக் கோஆக்ஸில் மெயின்ஸில் சொருகிய வேறு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கேபிள்காரர் ஏதாவது பெட்டியை விட்டுப் போனாரா?

அப்புறம், கடி உங்களுக்கு எப்போதிலிருந்து? கேபிள் இருந்தபோது உண்டா?

முக்கியமான பின்குறிப்பு. இது கசிவா, உண்மையிலேயே லைன் எங்கோ கருவியின் உலோக உடலில் பட்டிருக்கிறதா என்று மீட்டரை மட்டும் பார்த்து நாம் இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. அழுத்தம் முழு 230-ஐ ஒட்டி வந்தாலோ, டெஸ்டர் பளிச்சென்று எரிந்தாலோ, கோஆக்ஸ் சூடாக இருந்தாலோ, கழற்றும்போது பொறி பறந்தாலோ மெயினை அணைத்துவிட்டு உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சூடான கோஆக்ஸ் என்றால் வீட்டு நியூட்ரல் அறுந்து மின்னோட்டம் கோஆக்ஸ் வழியாகத் திரும்பிப் போகிறது என்றுகூட இருக்கலாம், அதில் கை வைத்துக் கழற்றினால் நடுவில் நீங்கள்தான் கம்பி.

பழையரிமோட்:
யோசித்துப் பார்த்தால் கேபிள் இருந்தவரை இந்தக் கடி கிடையாது. மூன்று வாரமாகத்தான். பெட்டியைத் தேடுகிறேன்.

மழைக்குமுன்:
அவர் தேடட்டும், அதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கூரையில் குழாய் நிறுத்தப் போகிற எல்லோருக்கும்.

நானும் என் மச்சானும் 4 மீட்டர் குழாயை ஆன்டெனாவோடு நிமிர்த்திக்கொண்டிருந்தோம். பாதி நிமிர்ந்தபோது காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஆன்டெனா கம்பிக் கூட்டம்தானே, காற்று பிடிக்காது என்று நினைப்போம், குழாயின் நுனியில் இருக்கும்போது கையில் அது பாய்மரம் மாதிரி கனக்கிறது. சாய ஆரம்பித்தது. மச்சான் அதைப் பிடிக்கப் பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். குழாய் கூரை ஓரத்தில் உருண்டு கீழே விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து தெரு மின்கம்பி இரண்டு அடி. ஆன்டெனாவில் நாலு கம்பி வளைந்தது, அதோடு போயிற்று. அது அந்தக் கம்பி மேல் விழுந்திருந்து, மச்சான் கையில் குழாயும் இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சாய்கிற ஆன்டெனாவைப் பிடிக்கக் கூடாது. விடுங்கள், விழட்டும், புதுசு வாங்கிக்கொள்ளலாம்.

வயர்மேன்:
மேலே சொன்னதை எல்லோரும் ரெண்டு தடவை படியுங்கள். ஆன்டெனா வேலையில் நான் கேள்விப்பட்ட சாவெல்லாம் இரண்டே வகை, மின்கம்பியில் பட்டது, கூரையிலிருந்து விழுந்தது. மின்னலால் போனவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

பழையரிமோட் தம்பி, உங்கள் வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பி எந்தப் பக்கம்? குழாயையும் ஆன்டெனாவையும் சேர்த்த மொத்த நீளத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 3 மீட்டர் குழாய், குறுக்கே ஆன்டெனா, எட்டரை மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். கம்பிக்கு மேலே கறுப்பாக உறை தெரிந்தால் அதை நம்ப வேண்டாம், வெயிலில் வெடித்திருக்கும். எதுவும் கம்பியில் பட்டுவிட்டால் கிட்டே போகாமல், யாரையும் போக விடாமல், மின்வாரியத்துக்குப் போன் பண்ணுங்கள்.

ஏணி: நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், தலை கூரை விளிம்புக்கு ஒரு மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்கம்பி உள்ள பக்கம் அலுமினிய ஏணி கூடவே கூடாது. கீழே ஓர் ஆள், போனைப் பார்க்காத ஆள்.

பழையரிமோட்:
இரண்டு செய்தி.

ஒன்று, மின்கம்பி. நான் குழாய் வைக்கலாம் என்று தேர்ந்தெடுத்த மூலையிலேயேதான் வீட்டுக்கு லைன் வருகிறது. நாலு மீட்டர்கூட இல்லை. இத்தனை நாள் அந்த மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கம்பி கண்ணிலேயே படவில்லை.

இரண்டாவது, பெட்டி கிடைத்தது. பரணில் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் கேபிள்காரரின் குட்டி ஆம்ப்ளிஃபயர், பச்சை விளக்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு நாலு வழி ஸ்ப்ளிட்டர், அதிலிருந்து எல்லா அறைக்கும். படுக்கையறையில் இன்னொரு டிவியும் செட்டாப் பெட்டியும் அதிலேயேதான். எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன், அவர் தன் மீட்டரில் கசிவை அளந்தார்: எல்லாம் சொருகியிருக்கும்போது 0.8 மில்லியாம்பியர், கூடத்து டிவி மட்டும் என்றால் 0.2. லைன் எங்கும் உடலில் படவில்லை என்று உறுதி செய்தார்.

அப்புறம் வெளிச்சுவரில் ஒன்றைக் காட்டினார். கேபிள் உள்ளே வந்த இடத்தில் ஒரு சின்ன எர்த் பிளாக் இருந்திருக்கிறது. இணைப்பைத் துண்டித்தவர் தன் கம்பியோடு சேர்த்து அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், பச்சை எர்த் கம்பி மட்டும் சுவரில் நுனி கறுத்துத் தொங்குகிறது. அதுவரை எல்லாக் கசிவையும் சத்தமில்லாமல் எர்த்துக்குக் கொண்டுபோனது அந்தக் கம்பிதான். அது போனதும் கடி என் புறங்கைக்கு வந்தது!

டெசிபெல்:
அற்புதம், இதை ஒட்டி வைக்க வேண்டும். கேபிளை நிறுத்தும் யாரும் இதைக் கவனிப்பதில்லை, சிக்னலோடு எர்த்தும் போய்விடுகிறது.

பழைய கோஆக்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 75 ஓம் ஆர்ஜி-6 என்று உறையில் அச்சடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியவை: வெளியே கேபிள் வலைப்பின்னலுக்குப் போகும் முனை முழுசாகத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் ஆன்டெனா சிக்னல் அதற்குள் போகவும் கூடாது, அவர்கள் குப்பை உங்களுக்கு வரவும் கூடாது. அந்த ஆம்ப்ளிஃபயரைக் கடாசுங்கள். நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு முனைக்கும் 7 டெசிபெல் தின்னும், அதாவது வந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் டிவிக்குப் போகும். இரண்டு டிவிதான் என்றால் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் போடுங்கள், மூன்றரை டெசிபெல்தான். ஆர்ஜி-6-இல் 30 மீட்டருக்கு இன்னொரு ஐந்தாறு டெசிபெல் போகும், உங்களுக்கு அவ்வளவு நீளம் இருக்காது.

கட்டம் கட்டமாக உடைந்த அந்த இரண்டு சேனல். டிஜிட்டலில் புள்ளி புள்ளியாக மங்குவது கிடையாது, இருந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், கொஞ்சம் குறைந்தால் உடையும், இன்னும் கொஞ்சம் குறைந்தால் கறுப்பு. அதனால் திசை வைக்கும்போது டிவி மெனுவில் வலிமையை விட்டுவிட்டுத் தரம் என்ற கோட்டைப் பாருங்கள். நல்ல சேனலை வைத்துத் திருப்பாதீர்கள், இருப்பதிலேயே மோசமான சேனலை வைத்துத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி அளவு திருப்பி, கையை எடுத்துவிட்டு, பத்து எண்ணுங்கள். டிவி மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தரம் நன்றாக இருக்கிறது என்று கத்துகிறவர்கள் உண்டு, விட்டதும் போய்விடும், அப்போது அவரும் ஆன்டெனாவின் ஒரு பகுதி.

மாடிப்படி:
மோசமான சேனலுக்கு மேலே ஒரு பூஸ்டர் போட்டால் முடிந்ததே? எதற்கு இவ்வளவு?

டெசிபெல்:
முடியாது. சில சமயம் இருப்பதும் போகும். என் தங்கை வீட்டுக்குக் கோபுரம் 9 கிலோமீட்டர், அதற்கு 28 டெசிபெல் பூஸ்டர் வைத்துவிட்டுச் சேனலே வரவில்லை என்று புலம்பினாள். கழற்றி நேரடியாகச் சொருகினேன், எல்லாம் வந்தது. பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கத்தினால் ஒன்றும் புரியாதே, அதுதான்.

இன்னொரு விஷயம் செல்போன் அலை. முன்பு யூஎச்எஃப் டிவி, அதாவது டிவி ஒளிபரப்பின் உயர் அலைவரிசை, 862 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், ஐரோப்பாவில் இப்போது 470-இலிருந்து 694 வரைதான், மேலே இருந்ததைச் செல்போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 608-இலேயே நின்றுவிடுகிறது. பழைய பூஸ்டர் அந்தச் செல்போன் அலையையும் சேர்த்துப் பெருக்கி மூச்சுத் திணறும். பூஸ்டர் உண்மையிலேயே தேவைப்பட்டால் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், அதற்கு முன்னால் செல்போன் அலையைத் தடுக்கும் ஓர் எல்டிஇ ஃபில்டர். டிவி பக்கத்தில் வைத்தால் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். ஆன்டெனா பக்கத்து பூஸ்டருக்கு மின்சாரம் கோஆக்ஸ் வழியாகவே போகும், நடுவில் சாதா ஸ்ப்ளிட்டர் இருந்தால் அது அந்த மின்சாரத்தைத் தடுக்கும் அல்லது ஷார்ட் ஆக்கும்.

வாங்கும்போது ஒன்று: எல்லா நாட்டுக்கும் ஒரே முறை இல்லை. அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, ஐரோப்பாவில் டிவிபி-டி அல்லது டி2, ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி-டி. ஆன்டெனாவுக்கு இதில் பேதம் இல்லை, கம்பிக்கு என்ன தெரியும், டிவிக்குள் இருக்கும் ட்யூனர்தான் பொருந்த வேண்டும். கோபுரம் அலையைக் கிடையாக அனுப்புகிறதா செங்குத்தாக அனுப்புகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு ஆன்டெனாவின் முட்கள் கிடையாக இருந்தால் உங்களுடையதும் கிடையாக.

வயர்மேன்:
தம்பி, ஜன்னலிலேயே 14 சேனல் வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கூரையை மறந்துவிடுங்கள். நான் சொன்ன அதே ஐஈசி தரத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஆன்டெனா முழுவதும் கூரை விளிம்பிலிருந்து 2 மீட்டரைவிட அதிகம் கீழேயும், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள்ளேயும் இருந்தால் குழாய்க்குத் தனியாக மின்னல் எர்த் தேவையில்லை, கட்டடத்தின் நிழலில் இருப்பதாகக் கணக்கு. கோஆக்ஸின் மேல்வலையை மட்டும் வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும், அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். உங்கள் ஊரில் இதை ஏற்கிறார்களா என்று வந்த எலெக்ட்ரீஷியனையே கேளுங்கள். உங்கள் வீட்டில் கோபுரத்தைப் பார்த்த சுவர், மின்கம்பி இல்லாத பக்கம், ஏதாவது உண்டா?

பழையரிமோட்:
உண்டு. அந்த ஜன்னல் இருக்கும் சுவரே. லைன் வருவது எதிர்மூலையில், 11 மீட்டர் தள்ளி.

வேலை முடிந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். எலெக்ட்ரீஷியன் சரி என்றார். 3 மீட்டர் குழாயை வெட்டி அரை மீட்டர் துண்டு, சுவரில் இரண்டு பிராக்கெட், கூரை விளிம்புக்கு இரண்டேகால் மீட்டர் கீழே. பெரும்பாலான வேலை ஜன்னல் வழியாகவே. தொங்கிக்கொண்டிருந்த பழைய எர்த் கம்பியின் கறுத்த நுனியை வெட்டி, மெயின் எர்த் வரை சரியாகப் போகிறதா என்று அவர் சோதித்துப் பார்த்து, புது எர்த் பிளாக்கில் கட்டினார். மீட்டரை மறுபடி வைத்தேன், 0. புறங்கையால் தொட்டும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

ஒரு சேனல் மட்டும் அடம்பிடித்தது. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு மணி நேரம் போனது. கடைசியில் கோஆக்ஸ் முனையில் நான் போட்ட எஃப் கனெக்டரைக் கழற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மேல்வலையின் ஒரே ஓர் இழை, தலைமுடியைவிட மெல்லியது, நடுச்செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டி, வலையை ஒழுங்காகப் பின்னால் மடித்து, வெள்ளை நுரை கனெக்டரின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி அழுத்தி, நடுக்கம்பியை 3 மில்லிமீட்டர் வெளியே விட்டேன். 19 சேனல்.

டெசிபெல்:
வெளியில் இருக்கும் கனெக்டரைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போட்டுச் சுற்றிவிடுங்கள். காடி வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். சுவருக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கோஆக்ஸைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வரும்.

ஓட்டுவீடு:
ஒரு வாரமாக இதைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று மனசு கேட்கவில்லை, என் தனி எர்த்தைப் போய்ப் பார்த்தேன். குழாயில் செம்புக் கம்பியை நேராக இரும்பில் சுற்றிக் கட்டியிருந்தேன், சுற்றிய இடத்தில் பச்சையும் துருவுமாக, விரலால் தொட்டதும் கழன்று கையோடு வந்துவிட்டது. எர்த்தே இல்லாமல்தான் இருந்திருக்கிறேன், எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. மண்ணில் இருக்கும் கம்பிக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 7 வோல்ட் காட்டுகிறது, வானத்தில் மேகமே இல்லாத நாளில்.

வயர்மேன் சார், நான் வீட்டு எர்த்தோடு சேர்ப்பது என்றால் மீட்டர் போர்டு வீட்டின் அந்தப் பக்கம் இருக்கிறது, சுற்றி 14 மீட்டர் கம்பி இழுக்க வேண்டும். பரவாயில்லையா?

வயர்மேன்:
14 மீட்டர் கம்பியை இழுப்பதைவிட ஆன்டெனாவை மீட்டர் போர்டு இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். கோஆக்ஸ் நீளமானால் இரண்டு டெசிபெல் போகும், எர்த் குட்டையாகும், லாபம்தான். கிளாம்ப் வெள்ளீயம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ வாங்குங்கள், செம்பையும் துத்தநாகப் பூச்சுக் குழாயையும் நேராகத் தொட விட்டால் மறுபடி இதே கதி. பழைய மண் கம்பியைப் பிடுங்க வேண்டாம், அதையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மெயின் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். போர்டு பக்கம் லைன் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஓட்டுவீடு:
பார்த்தேன். லைன் அதே பக்கம்தான் வருகிறது, மூன்று மீட்டர். சரி, 14 மீட்டர் கம்பிதான் வழி போலிருக்கிறது. மழை நிற்கட்டும், ஏணியைப் பிடிக்க ஓர் ஆளையும் தேடிக்கொண்டு வருகிறேன்.